அறிதுயிலும் நிய்யத்தும்

சாய்ந்தமருதிலும், அதனை அடுத்துள்ள மாளிகைக்காடு, கல்முனைக்குடி, மருதமுனை முதலிய கரையோர ஊர்களிலும், ஒருவருக்கு உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, காரணம் தெரியாமல் நெஞ்சு படபடத்து, வீட்டாரோடு பேச்சும் அருகிப் போகுமாயின், முதலில் ஓதிய தண்ணீரும், பின்னர் ஓதி முடிந்த நூலும், அதற்கும் அடங்காவிடில் தாயத்தும் இசுமும், அவையெல்லாம் ஓய்ந்த பிறகே ஆசுபத்திரியும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் ஒழுங்கு. இவ்வொழுங்கிலே அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பது, ஹிப்னாட்டிசம் என்று ஊர் வழங்கும் அறிதுயிற் சிகிச்சை. அதற்குப் போகலாமா, கூடாதா என்று தயங்கி நிற்போர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. அது சிஹ்ர் என்னும் சூனியம் ஆகாதா? மயங்கியிருக்கையில் ஈமானுக்கு மாறான வார்த்தையை வாயினின்று வரவழைத்துவிட்டால் என்ன செய்வது? குடும்ப இரகசியம் வெளிப்பட்டுவிடாதா? எழுப்பத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டால்? வுழூ முறியுமா?

புத்தியையும் விருப்பத்தையும் இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று கொண்டு வாழ்கிற மனிதர், அந்த அமானிதத்தை ஓர் அந்நியர் கையில் அரைமணி நேரமேனும் வைத்துவிட்டுக் கண்மூடி இருக்க அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடும் வைத்தியர் தம் நோயாளியை அறியாதவர். ஆகையால் வினாக்களை ஒன்றொன்றாக மறுத்துக்கொண்டு போவதினும், அவற்றின் அடியிலே கிடக்கிற மூல வினாவை எடுத்துக்கொள்வதே தகும் என்று கருதுகிறேன்: அறிதுயிலில் இருப்பவன் சொல்லுவதும் செய்வதும் யாருடைய சொல், யாருடைய செயல்?

இக்கலையைப் பற்றிய பயம் அதன் பிறப்போடு கூடவே பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவிலிருந்து பாரிஸ் சென்ற மெஸ்மர் என்னும் வைத்தியர், உயிர்களினிடையே காந்தம் போன்றதொரு நுண்பொருள் ஓடுகிறதென்றும், அதனைத் தாம் கைவீச்சினால் செலுத்தி நோய் தீர்க்க வல்லவரென்றும் கூறினார். அதனை விசாரிக்கப் பிரெஞ்சு மன்னர் 1784ஆம் ஆண்டில் நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாசியேயும் இருந்தார்கள். நோயாளர் அறியாதவாறு காந்தத்தைச் செலுத்தியும், செலுத்தாமலே செலுத்துவதாகச் சொல்லியும் பார்த்த அக்குழு, செலுத்தப்படுகிறது என்று நம்பியோரிடத்திலேயே விளைவு உண்டாகிறது, அறியாதோரிடத்தில் ஒன்றும் உண்டாவதில்லை என்று கண்டு, காந்தம் என்பது பொய், காரணம் கற்பனையே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புச் சரியானதே. ஆயினும், வெறுங் கற்பனை உடம்பை நடுக்கவும் நோவை ஆற்றவும் வல்லதாயின், அந்தக் கற்பனையையன்றோ ஆராய்ந்திருக்க வேண்டும்? அதனைச் செய்தவர் நம் பக்கத்து மனிதர் ஒருவர். கோவாவைச் சேர்ந்த கண்டோலிமில் 1756இல் பிறந்து, 1813இல் பாரிஸ் நகரில் பகிரங்கமாகச் செய்துகாட்டத் தொடங்கிய அபே பாரியா என்னும் பாதிரியார், ஆற்றல் செய்விப்பவரிடத்தில் இல்லை, எதிரே அமர்ந்திருப்பவருடைய ஒருமுகப்பட்ட சித்தத்திலேயே இருக்கிறது என்று சொன்னார். அவருடைய காலத்தவர் அவரைப் பரிகசித்தார்கள். 1819இல் அவர் வறுமையில் இறந்தார். இன்று இத்துறையில் உழைக்கும் எவரும் அவருடைய கூற்றை அடிப்படையாகக் கொள்ளாமல் ஓரடியும் வைப்பதில்லை.

மனத்திலே எழும் உருவம் உடம்பை ஆள்கிறது என்பது நம்முடைய பழைய ஹகீம்களுக்குப் புதிய செய்தியன்று. தரையிலே கிடக்கும் பலகையின்மேல் தடையின்றி நடக்கிறவன், அதே பலகை ஆழமான பள்ளத்தின் குறுக்கே கிடந்தால் விழுவான் என்றும், அவனை வீழ்த்துவது பலகையின் அகலக் குறைவன்று, விழுதலைப் பற்றி அவன் மனத்தில் எழுந்த உருவமே என்றும் 1037இல் மறைந்த இப்னு சீனா எழுதிவைத்தார். அவருடைய தத்துவத்தோடு பல இடங்களில் பொருதிய இமாம் கஸ்ஸாலியும் இவ்வுதாரணத்தை ஏற்றுக் கையாண்டிருக்கிறார். எனவே, மனத்தின் வழியாக உடம்பைத் தொடும் சிகிச்சை மேற்கிலிருந்து வந்த குஃப்ர் என்று பேசுவோர் தம் நூல்நிலையத்தையே ஒரு முறை திறந்து பார்ப்பது நன்று.

சரி, அறிதுயில் என்பது எப்படிப்பட்ட நிலை? அது உறக்கம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1843இல் இதைப் பற்றி நூல் எழுதிய மான்செஸ்டர் நகரத்துச் சத்திர வைத்தியர் ஜேம்ஸ் பிரெயிட், மினுங்கும் பொருளொன்றைக் கண்கள் களைக்கும்வரை உற்றுநோக்கச் செய்து அந்நிலையை உண்டாக்கினார். தொடக்கத்தில் அதை ஒருவகை உறக்கமென்றே எண்ணியவர், சில ஆண்டுகளுக்குள் அவ்வெண்ணத்தைத் தாமே கைவிட்டு, ஒரே எண்ணத்தில் சித்தம் ஊன்றி நிற்றலே அது என்று திருத்திக்கொண்டார். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவிகள் வந்த பின்னர், அந்நிலையிலுள்ளவருடைய மூளை விழித்திருப்பவருடைய மூளையாகவே இருக்கிறது என்பதும் தெரியவந்தது. இரவுக் கடலில் விளக்கை ஓரிடத்தில் சாய்த்துப் பிடிக்கும்போது அந்த வட்டம் மாத்திரம் வெளிச்சமாகி மற்றையது இருளில் ஒதுங்குவதுபோல, கவனம் ஓரிடத்தில் குவிந்து, சுற்றியுள்ள சத்தமும் எண்ணமும் பின்னே ஒதுங்குகின்றன. படகோட்டி விழித்தே இருக்கிறான். அறிதுயிலில் இருப்பவரும் அவ்வாறே கேட்கிறார், அறிகிறார், வேண்டாத கட்டளையை மறுக்கிறார், விரும்பினால் கண்ணைத் திறந்து எழுந்து போகிறார். எழுப்புவதற்கு ஆளில்லாமல் விட்டுவிட்டால் சிறிது நேரத்தில் தாமாகவே விழித்துக்கொள்வார், அல்லது சாதாரண உறக்கத்தில் ஆழ்ந்து வழக்கம்போல் எழுவார். மீளாமலே போனவர் கதைகளில்தான் உண்டு.

வுழூவைப் பற்றிய வினாவைச் சிலர் சிறு வினா என்பர். எனக்கு அது நுட்பமான வினாவாகத் தோன்றுகிறது. நம் கரையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் உறக்கத்துக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் எல்லை வகுத்திருக்கின்றன. அருகிலிருப்போரின் பேச்சு, பொருள் விளங்காவிடினும், காதில் விழுந்துகொண்டிருப்பது தூக்கக் கலக்கத்தின் அடையாளம் என்றும், கனவு காண்பது உறக்கத்தின் அடையாளம் என்றும், கலக்கத்தினால் வுழூ முறிவதில்லை என்றும் இமாம் நவவி விளக்கியிருக்கிறார். அறிதுயிலில் இருப்பவரோ பேச்சைக் கேட்பதோடு விளங்கவும் செய்கிறார். ஆதலால் அவர் கலக்க நிலைக்கும் இப்பால், விழிப்புக்கே அண்மையில் நிற்கிறார். இது மார்க்கத் தீர்ப்பாக நான் சொல்லுவதன்று, தீர்ப்பு உலமாக்களுடையது. பேணுதலை விரும்புவோர் எழுந்து மறுபடி வுழூச் செய்துகொண்டால் குறைந்துவிடப் போவதுமில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஃபகீஹுகள் உணர்வின் படிகளை இவ்வளவு கவனமாக அளந்திருக்கிறார்கள் என்பதே என்னை வியக்கவைப்பது.

இனி, சிஹ்ர் என்னும் பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். அதைப் பேச்சளவில் தள்ளிவிட முடியாது. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு, இதனை ஜின்னின் உதவியால் நடைபெறும் குறிசொல்லலின் ஒரு வகை என்று கூறி, களவுபோன பொருளைக் கண்டுபிடிக்கவோ நோயாளரைக் குணப்படுத்தவோ இதைப் பயன்படுத்துவது ஆகாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பை அலட்சியம் செய்வது என் நோக்கமன்று. ஆனால் ஹுக்மு தன் இல்லத் என்னும் காரணத்தோடு சுழலும், காரணம் இருந்தால் சட்டமும் இருக்கும், காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்பது உஸூல் கலை கற்ற மாணவர் எல்லாரும் அறிந்த விதி. அத்தீர்ப்பின் காரணம், செய்விப்பவன் ஜின்னை ஏவி மற்றவன்மேல் ஆதிக்கம் கொள்கிறான் என்ற கருத்து. அத்தகைய ஏவலைச் செய்வதாகச் சொல்லிக்கொள்கிற ஒருவரிடம் போனால் அத்தீர்ப்பு முழு வலிமையோடு பொருந்தும். உடல் தளர்த்தி, மூச்சைச் சீராக்கி, கேட்பவருடைய சம்மதத்தோடு அவருக்கு ஆறுதலான சொற்களைச் சொல்லுகிற வைத்தியரிடத்தில் அக்காரணத்தைக் காண முடியவில்லை. ஸூரத்துல் பகராவின் 102ஆம் வசனத்தில் எச்சரிக்கப்படும் சிஹ்ர் இதுவென்று சொல்லுவதற்கு, இங்கே மந்திரமுமில்லை, மறைவான சக்தியை அழைத்தலுமில்லை, பிறருக்குக் கேடு சூழ்தலுமில்லை.

அத்தீர்ப்பு அஞ்சுகிற காரியம் நம் ஊர்களில் வேறு பெயரில் நடந்துவந்திருக்கிறது. நகை களவுபோனால் மை பார்ப்பது முன்பெல்லாம் வழக்கம். பருவமெய்தாத சிறுவன் ஒருவனை இருத்தி, வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ கருமை தடவி, விளக்கொளியில் அந்தக் கருமையின் பளபளப்பையே இமையாமல் பார்க்கச் சொல்லி, 'யாரோ வருகிறார்கள், தெரிகிறதா? ஆணா பெண்ணா? என்ன நிறச் சாரம்?' என்று மந்திரவாதி கேட்கக் கேட்க, பிள்ளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவான். பிரெயிட் மினுங்கும் பொருளைக் காட்டியதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை மிகச் சிறிது. குழந்தை பொய் சொல்லவில்லை. அவனுடைய கூரிய கற்பனையில், கேட்பவருடைய வினாவே உருவமாக எழுந்து நின்றது. ஆனால் அந்த உருவத்துக்குப் பொருந்தும் அயல்வீட்டுக்காரர் களவாளி என்று பெயரெடுத்து, உறவு முறிந்து, தலைமுறைப் பகையாக முடியும். இதில் பாவம் எங்கே நுழைந்தது என்பதைப் பாருங்கள். ஒருமுகப்பட்ட பார்வையில் பாவமில்லை. மனக்கண்ணில் எழுந்ததை மெய்யான சாட்சியமாக ஏற்ற இடத்திலே அது நுழைந்தது.

என் கருத்தில், அறிதுயிலைப் பற்றி நாம் அஞ்சவேண்டியது இதைத்தான். ஆனால் மக்கள் பெரும்பாலும் அஞ்சுவதோ வேறொன்றை. விருப்பம் பறிபோகும் என்று அஞ்சுகிறார்கள், விருப்பம் பறிபோவதில்லை. மறைந்த உண்மை வெளிப்படும் என்று நம்புகிறார்கள். அவ்வாறு வெளிப்படுவதை நம்பலாகாது. அறிதுயிலில் நினைவுக்கு வருபவை கூடுதலாக இருக்கலாம், கூடுதலான மெய்யாக இரா. மெய்யும் பொய்யும் கலந்து வரும், அத்தோடு இரண்டின்மீதும் ஒரே அளவான உறுதி ஏற்பட்டுவிடும். அமெரிக்க வைத்திய சங்கத்தின் விஞ்ஞானக் குழு 1985இல் இதே முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே 1982இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம், அறிதுயிலில் நினைவு கிளறப்பட்டவரின் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. முற்பிறப்பு நினைவு என்று சொல்லப்படுவதும் இதன் இன்னொரு கிளையே. 1952இல் கொலராடோவைச் சேர்ந்த ஒரு பெண், அறிதுயிலில் தாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பிரைடி மேர்பி என்ற பெயரோடு வாழ்ந்ததாகச் சொன்னார்; 1956இல் வெளிவந்த அதைப் பற்றிய நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பின்னர் சிக்காகோப் பத்திரிகையொன்று, அப்பெண் சிறுபிராயத்தைக் கழித்த தெருவில், ஏறத்தாழ அதே பெயர் கொண்ட அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் எதிர்வீட்டில் குடியிருந்ததை எழுதியது. மறுபிறப்பை ஏற்காத முஸ்லிம்களுக்கு இதில் மயக்கம் நேராது என்று நினைக்கலாம். ஆனால் 'எனக்குச் சூனியம் செய்தவர் என் மாமி' என்று அறிதுயிலில் ஒருத்தி சொல்லி, அதைக் குடும்பமே நம்பிவிட்டால், அங்கே நேர்வதும் அதே பிழைதான். தானே கண்டதையும் கேட்டதையும் தவிர வேறொன்றுக்குச் சாட்சி சொல்லாதே என்று கட்டளையிடும் மார்க்கத்தவர், மனவுருவங்களைக் கொண்டு ஒரு முஸ்லிமான பெண்ணின்மேல் பழிசுமத்துவது எப்படிப் பொருந்தும்?

இங்கே ஆபிரகாம் கோவூரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஏனெனில் இலங்கையில் அறிதுயிற் சிகிச்சை என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் அவருடையது. கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்து, பின்னர் கொழும்பில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அவர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக, பேய் பிடித்தவர் என்றும் வீட்டில் கல் விழுகிறது என்றும் கொண்டுவரப்பட்ட எத்தனையோ பேரைப் பாமன்கடையிலிருந்த தம் இல்லத்தில் கண்டு, பலருக்கு அறிதுயிலின் துணையால் ஆறுதல் அளித்தார். அற்புதம் செய்வதாகச் சொல்லுவோர் மோசடிக்கு இடமில்லாத நிலையில் செய்து காட்டினால் ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அவர் விடுத்த சவாலை, 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வெல்லவில்லை. அவருடைய நோயாளர் குறிப்பொன்றிலிருந்து 1972இல் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்றும், 1973இல் தமிழில் மறுபிறவி என்றும் திரைப்படங்கள் வந்தன.

கோவூர் நாத்திகர், அவர் கையாண்ட சிகிச்சையும் நாத்திகத்தின் உடைமை என்று எண்ணி விலகியவர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நான் சொல்லுவது: அவர் செய்த நன்மையை நன்மை என்றே ஒப்புக்கொள்ளுங்கள். பேயென்று சொல்லி அடிக்கப்பட்டும் புகையிடப்பட்டும் துன்புற்ற பெண்களை, அடியின்றிப் புகையின்றி, பரிவான சொல்லால் அவர் மீட்டார். நம்முடைய பரிகாரிகளிற் சிலர் செய்யத் தவறிய நற்காரியம் அது. ஆனால் ஒரு நோய் சொல்லினால் தீர்ந்தது என்ற உண்மையிலிருந்து மறைவானது எதுவுமே இல்லை என்ற முடிவுக்கு அவர் தாவியபோது, அந்தத் தாவலுக்கு அவருடைய சிகிச்சை துணைநிற்கவில்லை. இந்த நோயாளியைப் பிடித்திருந்தது ஜின்னன்று என்று காட்டுவது வேறு. ஜின் என்ற படைப்பே இல்லை என்று காட்டுவது வேறு. முன்னதை வைத்தியர் சொல்லலாம். பின்னதைச் சொல்லுவதற்கு வைத்தியத்தில் கருவியில்லை.

நோவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நம் கரையின் கொடியேற்றங்களிலும் கந்தூரிகளிலும், பாவாமார் றபான் அடித்து றிபாயி றாத்திபு ஓதி, அதன் வேகம் ஏற ஏற, கன்னத்திலும் நாவிலும் கம்பி செருகிக்கொண்டு முகம் சுளிக்காமல் நிற்பதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அது ஆகுமானதா என்ற மார்க்க விவாதத்தில் நான் புகவில்லை. மனித சித்தம் ஒன்றிலே முற்றாக ஊன்றிவிட்டால் நோவு பின்னே ஒதுங்கும் என்பதற்கு அது கண்கூடு. வங்காளத்து ஹூக்ளியில் 1845இல் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், யானைக்கால் வகையைச் சேர்ந்த பெரிய கட்டிகளை மெஸ்மர் வழிவந்த துயில் முறையில் நோவின்றி அறுத்தெடுத்தார். அரசாங்கம் 1846இல் கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு வைத்தியசாலையையே ஒதுக்கிற்று. அடுத்த ஆண்டு குளோரோபோர்ம் வந்ததும், எல்லாருக்கும் ஒருபடித்தாகப் பலிக்கிற மருந்து கிடைத்துவிட்டதனால், பலருக்கு நெடுநேரம் பிடிக்கும் அவருடைய முறை மறைந்துபோயிற்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1959இல் உருவாக்கப்பட்ட அளவுகோலைக் கொண்டு பார்த்தவர்கள், அறிதுயிலில் ஆழ்ந்து புகும் இயல்பு மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது என்றும், மிக ஆழ்ந்து புகுவோர் சிறு பகுதியினரே என்றும் கண்டார்கள். அவ்வியல்புக்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. ஈமானின் பலவீனத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்பொழுது மூல வினாவுக்குத் திரும்புகிறேன். உறங்குகிறவன், சிறுபிள்ளை, சித்தம் கலங்கியவன் ஆகிய மூவரின் செயலும் பதியப்படுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் விதி. அறிதுயிலில் இருப்பவன் இம்மூவரில் ஒருவனா? இதற்கு விடை காண எனக்கு உதவுவது, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இருதயத்தின் விந்தைகளைப் பற்றிய பகுதியில் வகுத்துக்காட்டிய நான்கு படிகள். மனத்திலே ஓர் எண்ணம் தானாகத் தோன்றுகிறது. அடுத்து அதன்பால் ஆசை அசைகிறது. பின்னர் இதைச் செய்யலாம் என்று உள்ளம் இசைகிறது. முடிவில் செய்தே தீர்வேன் என்று துணிகிறது. முதலிரண்டும் மனிதனுடைய கைக்குள் அடங்காதவை, ஆகையால் அவற்றுக்குக் குற்றமில்லை. மூன்றாவது, கைக்குள் அடங்காததற்கும் அடங்குவதற்கும் நடுவே நிற்பது. நான்காவதான துணிவுக்கே அவன் பதில்சொல்லக் கடமைப்பட்டவன். அறிதுயிலில் வைத்தியர் சொல்லுகிற சொல், இந்நான்கில் முதற்படியிலே வந்து நிற்கிறது. வெளியிலிருந்து வந்த ஓர் எண்ணம் அது. அதை ஆசைக்கும் இசைவுக்கும் துணிவுக்கும் கொண்டுசெல்லுவது கேட்பவனுடைய நெஞ்சு. புகாரி இமாம் தம் ஹதீஸ் தொகுப்பின் தொடக்கத்திலே நிறுத்திய நிய்யத்து என்னும் உள்நோக்கம், அறிதுயிலிலும் அவனை விட்டு நீங்குவதில்லை.

அப்படியாயின் அறிதுயிலில் எவரையும் தீங்கு செய்விக்க முடியாதா என்று கேட்பர். 1965இல் மார்ட்டின் ஓர்ன், பிரெடரிக் எவன்ஸ் என்னும் இருவர் செய்த பரிசோதனை இதற்கு ஆழமான விடை தருகிறது. நச்சுப்பாம்பைக் கையால் எடுக்கும்படியும், ஒருவர் முகத்தில் அமிலத்தை வீசும்படியும், மறைவான பாதுகாப்பு ஏற்பாடுகளோடு கட்டளையிட்டபோது, அறிதுயிலில் இருந்தோரில் மிகுதியானோர் இணங்கினார்கள். ஆனால் அறிதுயிலில் இருப்பதுபோல் நடித்தோரும் அதேபடி இணங்கினார்கள். கேட்டபோது, இது ஒரு பல்கலைக்கழகம், இவர்கள் தீங்கு நேர விடமாட்டார்கள் என்று நம்பினோம் என்றார்கள். மனிதனைக் கீழ்ப்படியச் செய்தது துயிலன்று, எதிரே நின்ற அதிகாரத்தின்மேல் அவன் வைத்த நம்பிக்கை. வைத்தியரையும் வழிகாட்டியையும் தேர்ந்துகொள்வதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மனவருத்தத்தோடு இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 26ஆந் திகதி இரவு, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் தொடர்ச்சியாக, எம்மூரான சாய்ந்தமருதின் ஒரு வீட்டிலே ஒளிந்திருந்தோர் தம் சிறுபிள்ளைகளையும் சேர்த்து வெடித்து அழித்துக்கொண்டபோது, அவர்களை யாரோ வசியம் செய்துவிட்டார்கள் என்று ஆற்றாமையால் பலர் பேசினார்கள். அவ்வார்த்தையில் இரக்கம் உண்டு. மனிதன் தன் புத்தியோடு இப்படிச் செய்வான் என்று நம்ப மறுக்கும் நல்ல நெஞ்சம் உண்டு. ஆயினும் அது உண்மையன்று. எவ்வித அறிதுயிலும் இதைச் செய்விக்காது. மாதக்கணக்கில் கேட்ட சொல்லை விரும்பி, இசைந்து, துணிந்து, நான்கு படிகளையும் தாமே ஏறியவர்கள் அவர்கள். வசியம் என்று சொல்லி அவர்களுடைய பொறுப்பை எடுத்துவிட்டால், அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகங் கொண்டு துணிவோடு அறிவித்த எம்மூர் மக்களுடைய பொறுப்புணர்ச்சிக்கும் பொருளில்லாமற் போய்விடும்.

இச்சிகிச்சை நம்மவருக்கு எதற்கு வேண்டும் என்பதற்கு நம்முடைய கடலே காரணம் காட்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில் ஏறிவந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. அதன் பின்னர் அலையோசை உரக்கக் கேட்ட இரவுகளில் எழுந்து உட்கார்ந்த தாய்மாரும், கரைவலைக்குப் போகக் கால் கூசிய மீனவரும் எம்மூரில் பலர். போரினால் மனம் சிதைந்தோருக்கு நெடுங்காலம் சிகிச்சை செய்துவந்த யாழ்ப்பாணத்து மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனத்தைத் தளர்த்தும் பயிற்சியை ஒவ்வொருவருக்கும் அவரவர் சமயச் சொல்லைக் கொண்டே கற்பிக்கலாம் என்று காட்டினார். இந்துக்களுக்கு ஜபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு ஸுப்ஹானல்லாஹ் என்னும் திக்ரு. இதைக் கேட்டு, திக்ரும் அறிதுயில்தானா என்று சிலர் மனம் நோவர். மூச்சு சீராவதும் நெஞ்சு அமைதியுறுவதும் இரண்டிலும் நேரலாம். ஆனால் திக்ரு செய்கிறவன் அமைதிக்காக அல்லாஹ்வை நினைப்பதில்லை, அல்லாஹ்வை நினைப்பதனால் அமைதி வருகிறது. உடம்பில் நேர்வது ஒன்றாயிருந்தும் நிய்யத்து வேறாயிருப்பதனால் அமல் வேறாகிறது. நோன்பும் பட்டினியும் வேறாவது இவ்விதமே.

அறிதுயிலின் பயன் எல்லையற்றதன்று. நோவைத் தணிப்பதிலும், சத்திர சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன்னுள்ள பயத்தை ஆற்றுவதிலும், மான்செஸ்டரில் வோர்வெல் என்பவரும் அவரோடு உழைத்தோரும் 1984இல் காட்டியபடி எரிச்சலுற்ற குடலின் தொல்லையிலும் அது உதவுகிறது. பிரித்தானிய வைத்திய சங்கம் 1955இலும் அமெரிக்க வைத்திய சங்கம் 1958இலும் தகுதியுடையோர் கையில் இதை ஏற்கத்தக்க முறையென்று ஒப்புக்கொண்டன. புகைத்தலை விடுவிப்பதில் அதன் வலிமைக்குத் திடமான சான்று இன்னும் இல்லை. இல்லாத குரல் கேட்பவருக்கும், சித்தம் பேதலித்தவருக்கும் அது மருந்தன்று. அவர்களை முதலில் அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கே அழைத்துச் செல்லவேண்டும். தாமதித்த ஒவ்வொரு மாதமும் நோயை முற்றச் செய்யும்.

போக எண்ணுகிறவர்கள் சிலவற்றைக் கேட்டறிந்து போங்கள். அவர் வைத்தியரா, அல்லது உளவியலை முறையாகக் கற்றவரா? உங்களுடைய கணவரோ, உம்மாவோ, ராத்தாவோ அதே அறையில் உடன் இருக்க அவர் சம்மதிக்கிறாரா? சம்மதிக்காதவரிடம் எந்தப் பெண்ணும் தனியே அமரவேண்டாம். மறந்துபோனதைத் தோண்டியெடுத்துத் தருகிறேன் என்றோ, உமக்குச் செய்வினை செய்தவரைக் காட்டித்தருகிறேன் என்றோ அவர் சொன்னால், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் நில்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். எம்மூர்க் கதீப்மாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: மனநோய் என்பது ஈமானின் குறையன்று என்பதையும், அறிதுயிலில் எழுந்த பெயரைக் கொண்டோ மையில் தெரிந்த முகத்தைக் கொண்டோ ஒருவர்மேல் பழிசொல்லுவது ஹராம் என்பதையும், அடுத்து வரும் ஜும்ஆக்களில் ஒன்றிலேனும் மிம்பரில் நின்று தெளிவாகச் சொல்லுங்கள்.